மெத்தையில்லாத கதிரை

ஒரு கதிரையைப் பற்றி எழுதுவதற்கு இலக்கியச் சஞ்சிகையொன்றில் இடமுண்டா என்று கேட்போர் இருப்பர். கவிதைக்கும் நாவலுக்கும் வர்க்கச் சார்பு உண்டென்பதை ஒப்புக்கொள்ளும் நண்பர்கள்கூட, மேசையும் வாங்கும் அலுமாரியும் வெறும் பாவனைப் பொருள்கள், அவற்றிலே கருத்தேது, கட்சியேது என்று எண்ணிவிடுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நாவலை வாசியாமலே வாழ்ந்து மடியும் மனிதர் கோடிக்கணக்கானோர்; ஏதோ ஒன்றின்மீது அமராமல் ஒரு நாளைக் கழித்தவர் எவருமிலர். அந்த இருக்கை எவர் அமர்வதற்காக, எந்த மரத்தில், எவருடைய உழைப்பினால், என்ன விலைக்குச் செய்யப்பட்டது என்று கேட்கத் தொடங்கியதுமே தளபாடக் கலையும் சமுதாய வரலாற்றின் ஓர் அங்கமாகிவிடுகின்றது.

இக்கேள்விகளைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவரென லீனா போ பார்டி அம்மையாரைக் குறிப்பிடலாம். இத்தாலியிற் பிறந்து, பிரேசிலில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் அவர். கதிரைகளையும் அவரே வரைந்தார். அண்மைக் காலத்தில் அவர் பெயர் மேனாட்டுக் கலையுலகில் பெரிதும் போற்றப்படுகின்றது. வெனிஸ் நகரின் கட்டடக் கலைக் கண்காட்சி, அவர் இறந்து 29 ஆண்டுகள் சென்றபின், 2021இல் தன் வாழ்நாட் சாதனைக்கான தங்கச் சிங்க விருதை அவருக்கு அளித்தது. போற்றுதல் நல்லதே. ஆனால், போற்றுவோர் எதனைப் போற்றுகின்றனர், எதனைச் சொல்லாமல் விடுகின்றனர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

1914 டிசெம்பர் 5ஆந் திகதி உரோமாபுரியிற் பிறந்த லீனா, அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலே கட்டடக் கலை பயின்று 1939இற் பட்டம் பெற்றார். அங்கு ஆதிக்கம் செலுத்திய பேராசிரியர் பியச்செந்தீனி, முசோலினி ஆட்சியின் கட்டடங்களுக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். தூணும் பளிங்கும் பேரரசுக் கனவும் கோலோச்சிய அந்தக் கல்விச் சாலையில், தாய்மாரையும் குழந்தைகளையும் பராமரிக்கும் நிலையமொன்றையே லீனா தம் இறுதியாண்டு ஆய்வுக்குரிய பொருளாகத் தேர்ந்தெடுத்தார். பின்னர் மிலான் நகரை அடைந்து, ஜீயோ பொந்தி என்ற புகழ்பெற்ற கலைஞரின் சூழலிற் சேர்ந்தார். கட்டட வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது எழுத்து வேலைதான். போர்க் காலத்திலே கட்டுவதற்கு என்ன இருந்தது? இடிப்பதற்குத்தான் நிறைய இருந்தது. 1943இல் அவருடைய அலுவலகமே குண்டுவீச்சில் அழிந்தது. ‘தோமுஸ்’ என்ற கட்டடக் கலைச் சஞ்சிகையின் துணை ஆசிரியராக அவர் பணிபுரிந்ததும் இக்காலத்திலேதான். போர் முடிந்ததும் சக கலைஞர் கார்லோ பகானியோடு இத்தாலியெங்கும் பயணஞ் செய்து, சிதைந்த வீடுகளைப் பதிவு செய்தார். பகானியும் புரூனோ ட்செவி என்ற அறிஞரும் அவரும் சேர்ந்து 1946இல் ‘ஆ’ என்னும் வார இதழொன்றை வெளியிட்டனர். வீடிழந்த சாதாரண மக்களுக்கு வீட்டைப் பற்றிப் பேசுவதே அதன் நோக்கம். அது நீடித்து நிற்கவில்லை.

பாசிச எதிர்ப்பியக்கத்தில் மறைவாகப் பங்குபற்றியதாக அவர் பிற்காலத்திற் கூறினார். அதற்கு ஆதாரம் போதாதென்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். அவர் மணந்துகொண்ட பியெத்ரோ மரியா பார்டியோ, ஒரு காலத்தில் பாசிசக் கட்சியினர். புதிய கட்டடக் கலையை ஆட்சியின் கலையாக ஏற்கவேண்டுமென்று 1931இல் முசோலினிக்கே விண்ணப்ப நூல் எழுதியவர். இவற்றை நாம் மறைப்பதற்கில்லை. முற்போக்காளர் என ஒருவரைப் பாராட்டுவதற்கு அவரைப் பிறவியிலிருந்தே தூயவராக்கிக் காட்டவேண்டுமென்ற வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அது புராணம் பாடும் வழக்கமேயன்றி விமரிசனமாகாது. லீனாவைப் பொறுத்தவரையில், அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதிலும் எங்கு சென்றடைந்தார் என்பதே நமக்கு முக்கியமாகப் படுகின்றது.

1946இல் கணவனும் மனைவியும் பிரேசிலை அடைந்தனர். அந்நாட்டிலே பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் பலவற்றைத் தன் கைக்குள் வைத்திருந்த அசிஸ் ஷத்தோபிரியான் என்ற பெருமுதலாளி, சாவோ பாவுலோ நகரில் ஒரு கலைக்கூடம் அமைக்கும் பொறுப்பைப் பார்டியிடம் ஒப்படைத்தார். செல்வந்தர்களைப் பத்திரிகையிலே புகழ்ந்தும் புகழ மறுத்துவிடுவேனென மிரட்டியும் ஓவியங்களுக்குப் பணம் திரட்டியவர் அவர். பத்திரிகைக் கட்டடத்தின் ஒரு மாடியிலேயே 1947இற் கலைக்கூடம் திறக்கப்பட்டது. லீனாவின் முதற் பிரேசிற் கதிரை அங்கேதான் தோன்றியது. சொற்பொழிவு மண்டபம் சிறியது. கூட்டம் முடிந்ததும் இடத்தை வேறு தேவைக்கு விடவேண்டும். ஆகவே மரச்சட்டமும் தோலுமாக, மடித்து வைக்கக்கூடிய எளிய இருக்கைகளை அவர் வரைந்தார். அழகு பற்றிய கோட்பாடெதுவும் அக்கதிரையைப் பிறப்பிக்கவில்லை, இடநெருக்கடியே பிறப்பித்தது.

அடுத்த ஆண்டு, தம்மைப்போல் இத்தாலியிலிருந்து வந்த ஜான்கார்லோ பலந்தியுடன் ‘பால்மா’ என்ற கலைக்கூடத்தையும் அதனோடிணைந்த தொழிற்பட்டறையையும் தொடங்கினார். ஒட்டுப்பலகை, உள்நாட்டு மரம், தோல், மலிவான பூப்போட்ட பருத்தித் துணி ஆகியவற்றால் தளபாடம் செய்து, தொழிற்சாலை முறையிற் பெருக்குவதே எண்ணம். பழைய ஐரோப்பிய மன்னர் காலத்துக் கதிரைகளின் போலிகளை வாங்கி வீட்டை நிரப்புவதே அன்றைய பிரேசிற் பணக்காரரின் நாகரிகமாயிருந்ததை நினைத்துப் பார்த்தால் இம்முயற்சியின் துணிவு புலப்படும்.

அக்காலத்து முக்காற் கதிரையொன்று சற்று நின்று பார்க்கத்தக்கது. பிரேசிலின் வடபகுதி ஆறுகளில் நாட்கணக்காகச் செல்லும் படகுகளிலே பயணிகள் ஏணை போன்ற தொங்கு படுக்கைகளைக் கட்டிக்கொள்வர். பகலில் அது இருக்கை; இரவில் அதுவே கட்டில். அமர்பவரின் உடலுக்கேற்ப அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். மிகச் சிறந்த இருக்கை இதுவேயென லீனா கண்டார். மூன்று கால்களின்மேல் ஒரு தோற் பரப்பைத் தொங்கவிட்டு, ஏணையின் அந்த நெகிழ்ச்சியை ஒரு கதிரைக்குள் கொண்டுவந்தார். கால்கள் சிலவற்றில் மரத்தாலும் சிலவற்றில் இரும்புக் குழாயாலும் ஆனவை. ஏணையின் உருவத்தை அவர் நகல் செய்யவில்லை. அது எவ்வாறு மனித உடலைத் தாங்குகின்றது என்ற முறையைக் கற்றுக்கொண்டார். மக்கள் கலையிலிருந்து பெறவேண்டியது எது என்ற கேள்விக்கு நூறு பக்கக் கட்டுரை சொல்லாத விடையை இக்கதிரை சொல்லுகின்றது எனலாம்.

ஆனால், அதில் அமர்ந்தவர் யார்? படகுப் பயணியல்லர். சாவோ பாவுலோவின் படித்த, வசதிபடைத்த குடும்பத்தினரே. பெருந்தொகையான உற்பத்தி என்ற எண்ணம் கைகூடவில்லை. ‘பால்மா’ சில ஆண்டுகளிலேயே முடிவுற்றது. வாங்கும் சக்தியற்ற மக்கள் கோடிக்கணக்கிலிருக்கும் நாட்டிலே, மலிவான பொருளை வரைந்துவிட்டால் மட்டும் அது மலிவாகிவிடாது என்பதை அவர் அநுபவத்திற் கண்டார். 1951இல் அவர் வரைந்த அரைக்கோளக் கிண்ணக் கதிரை, அதாவது இரும்பு வளையமொன்றின்மேல் தளர்வாக வைக்கப்பட்டு எப்பக்கமும் சாய்க்கக்கூடிய அந்த இருக்கை, அவர் வாழ்நாளிற் சிலவே செய்யப்பட்டது. அதே ஆண்டிற் பிரேசிற் குடியுரிமை பெற்றார். மொரும்பிக் குன்றிலே மெலிந்த இரும்புத் தூண்களின்மேல் கண்ணாடி வீடொன்றைத் தமக்கெனக் கட்டிக்கொண்டார். அவ்வீட்டைப் பற்றி எழுதாதவரில்லை. அது அழகிய வீடுதான். அதனை இங்கே கடந்து செல்வோம்.

லீனாவின் உண்மையான பல்கலைக்கழகம் பாஹியா மாநிலமே. 1958இல் விரிவுரை நிகழ்த்த அங்கு சென்றவர், மறு ஆண்டு சால்வடோர் நகரில் நவீன கலைக்கூடத்தின் பணிப்பாளரானார். வடகிழக்குப் பிரேசில் வரட்சியின் நாடு. அடிமைகளின் உழைப்பால் சீனி விளைந்து, சீனிச் செல்வம் அகன்றபின் எஞ்சிய வறுமையின் நாடு. கஸ்த்ரோ அல்வெஸ் அரங்கு 1958இல், திறப்பு விழாவுக்குச் சில நாள்களின் முன் தீக்கிரையானது. எரிந்து கிடந்த அவ்வரங்கின் முன்மண்டபத்திலேயே லீனா கலைக்கூடத்தை நடத்தினார். 1960இல், அதன் கரிபிடித்த இடிபாடுகளுக்கிடையே பிரெக்டின் ‘மூன்று காசு இசைநாடகம்’ மேடையேறியபோது காட்சியமைப்பு அவருடையது. திருடரும் பிச்சைக்காரரும் பாத்திரங்களாகும் அந்நாடகத்துக்கு அதனிலும் பொருத்தமான மண்டபத்தை எந்த நிதியும் கட்டியிருக்க முடியாது. பின்னாளில் பிரேசிலின் புதிய திரைப்பட இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய கிளவுபர் ரோஷா போன்ற இளைஞர் அக்காலத்தில் அவரைச் சூழ இருந்தனர்.

கடலோரத்திலே உன்யாவோ என்ற பழைய கட்டடத் தொகுதியொன்று பாழடைந்து கிடந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்துச் செல்வர் மாளிகை, பின்னர் மூக்குத்தூள் ஆலையாயிற்று. அதனைப் புதுப்பித்து மக்கள் கலைக்கூடமாக்கினார். அங்கு அவர் அமைத்த மரப் படிக்கட்டைப் பற்றிக் கட்டடக் கலை மாணவர் இன்றும் பேசுவர். ஆணியின்றி, மாட்டுவண்டி செய்யும் தச்சர் துளையும் ஆப்பும் கொண்டு பொருத்தும் அதே முறையில் படிகள் பொருத்தப்பட்டன. மாளிகையின் நடுவிலே மாட்டுவண்டிக்காரனின் அறிவு ஏறி நிற்கின்றது! பெயரறியாத் தச்சனிடம் பட்டதாரி மாணவியானாள் என்பதைக் காட்டிலும், அந்த அறிவை அவள் தூண்களின் நடுவே எல்லாரும் காணும்படி வைத்தாள் என்பதே நம்மைக் கவர்கின்றது.

1963 நவம்பரில் அங்கே திறக்கப்பட்ட ‘வடகிழக்கு’ என்னும் கண்காட்சி அவர் வாழ்வின் உச்சமென்பது எமது கருத்து. அக்கண்காட்சியில் வைக்கப்பட்டவை யாவை? எண்ணெய்ப் பேணித் தகரத்தை வெட்டிச் செய்த குவளைகள். எரிந்துபோன மின்குமிழைக் குப்பிவிளக்காக மாற்றிய விளக்குகள். கந்தற் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகள். மட்பாண்டங்கள், நேர்த்திக்கடனாகச் செலுத்தப்பட்ட மர உருவங்கள். சந்தைக் கடை போலப் பலகைத் தட்டுகளில் அவை அடுக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். நாட்டுப்புறக் கலையென்று பானையையும் பாயையும் வரவேற்பறையில் தொங்கவிட்டு மகிழும் கனவான்கள் எந்நாட்டிலும் உளர். அவர்கள் பாயைப் போற்றுவர்; பாய் பின்னுபவளின் கூலியைக் கேட்கமாட்டார்கள். லீனா இத்தகைய இரசனையைக் கடுமையாக வெறுத்தார். நாட்டார் வழக்கென்ற சொல்லே ஓர் உயிருள்ள பண்பாட்டை மேல்வர்க்கத்தார் பெட்டியில் அடைத்துவைக்கும் தந்திரமென அவர் கருதினார். கிராம்சியின் எழுத்துக்களைக் கற்றிருந்த அவர், தேசிய மக்கட் பண்பாடு என்ற அவருடைய கருத்தைப் பாஹியாவின் மண்ணிலே சோதித்துப் பார்த்தார். மின்குமிழ் விளக்கை அவர் காட்டியது அதன் விந்தை அழகுக்காக மட்டுமன்று. மின்சாரமில்லாத வீட்டிலே, மின்சாரமுள்ள வீட்டின் குப்பை விளக்காகின்றது. அவ்விளக்கு ஒரு குற்றச்சாட்டு. அதே வேளையில் ஒரு கண்டுபிடிப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கண் அவருக்கிருந்தது. குற்றச்சாட்டை மட்டும் காண்பவன் பிரசாரகனாகிறான். கண்டுபிடிப்பை மட்டும் காண்பவன் சுற்றுலாப் பயணியாகிறான்.

கண்காட்சியோடு நிற்க அவர் எண்ணவில்லை. உன்யாவோவில் ஒரு தொழில் வடிவமைப்புப் பாடசாலையை நிறுவ அவர் திட்டமிட்டார். கையால் செய்யத் தெரிந்த ஆனால் வரையத் தெரியாத கைவினைஞரும், வரையத் தெரிந்த ஆனால் செய்யத் தெரியாத பல்கலைக்கழக மாணவரும் அங்கே ஒன்றாகப் பயிலவேண்டும். மூளை உழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைத்த நாகரிகத்துக்கு அப்பாடசாலை ஒரு மறுப்பாக இருந்திருக்கும். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இத்திட்டத்தைப் படிக்கும்போது ஏக்கமே மேலிடுகின்றது. தச்சு வேலையை மந்த மாணவருக்குரிய பாடமென ஒதுக்கும் பாடசாலைகளிலே படித்தவர்கள்தாமே நாம்.

திட்டம் நிறைவேறவில்லை. 1964இல் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். லீனா பாஹியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே கண்காட்சியை 1965இல் உரோமாபுரியின் தேசிய நவீன கலைக்கூடத்திற் காட்டுவதற்கு ஏற்பாடாகியிருந்தது. பிரேசில் அரசின் தலையீட்டால் அது நிறுத்தப்பட்டது. ஏழைகளின் கலைக்குத் தளபதிகள் அஞ்சுகின்றனர் என்று அவருடைய பழைய தோழர் ட்செவி இத்தாலியப் பத்திரிகையில் எழுதினார். தகரக் குவளைக்கு அஞ்சும் அரசாங்கத்தைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றலாம். ஆனால் அவ்வரசாங்கம் அஞ்சியதில் தவறில்லை என்றே நமக்குப் படுகின்றது. வறுமை எப்படியிருக்கும் என்பதை அக்குவளை வெளிநாட்டாருக்குக் காட்டிவிடும்.

சாவோ பாவுலோவுக்குத் திரும்பிய பின், 1957இல் வரையத் தொடங்கிய புதிய கலைக்கூடத்தை அவர் முடித்தார். பவுலிஸ்தாப் பெருந்தெருவிலுள்ள அந்நிலத்திலிருந்து நகரின் நடுப்பகுதி தெரியும்; அக்காட்சி மறைக்கப்படலாகாதென்பது நிபந்தனை. ஆகவே பொறியியலாளர் ஃபிகெய்ரெதோ ஃபெராசின் துணையோடு, முழுக் கட்டடத்தையும் நிலத்திலிருந்து 8 மீற்றர் உயரத்திலே தூக்கி நிறுத்தினார். இடையில் ஒரு தூணுமின்றி 74 மீற்றர் அகலம்! அதன்கீழ் வெட்டவெளி. அவ்வெளியை எவருக்கும் விற்க முடியாது. கூட்டம் கூடலாம், குழந்தைகள் ஓடலாம், ஊர்வலம் தொடங்கலாம். பின்னைய தசாப்தங்களில் எத்தனையோ ஆர்ப்பாட்டங்கள் அங்கிருந்தே புறப்பட்டன. மேல்மாடியிலே ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்கி, கொங்கிறீற்றுக் கட்டியிற் செருகிய கண்ணாடித் தகடுகளில் நிறுத்தினார். ஓவியரின் பெயரும் விளக்கமும் தகட்டின் பின்புறத்தில் இருக்கும். வான் கோவின் பெயரைப் படித்துவிட்டு வியப்பதற்கு வழியில்லை. முதலிற் படத்தைப் பார்த்தாக வேண்டும். பெயருக்கு வணங்கும் பழக்கத்தை உடைக்கும் நல்ல தந்திரம் இது.

கலைக்கூடத்தைத் தோற்றுவித்த ஷத்தோபிரியான் 1968 ஏப்பிரிலில் இறந்தார். நவம்பர் 7ஆந் திகதி இங்கிலாந்தின் எலிசபெத் மகாராணி முன்னிலையிலே புதிய கட்டடம் திறக்கப்பட்டது. டிசெம்பர் 13ஆந் திகதி, எஞ்சியிருந்த குடியுரிமைகளையும் பறிக்கும் ஐந்தாம் நிறுவனச் சட்டத்தை இராணுவ ஆட்சி பிறப்பித்தது. மக்கள் கூடுவதற்கென அமைக்கப்பட்ட வெளி திறந்து முப்பத்தாறு நாளில், மக்கள் கூடுவதே குற்றமாயிற்று. முதலாளி தோற்றுவித்த கலைக்கூடத்துக்கென எழுந்து, மகாராணியால் திறக்கப்பட்ட கட்டடத்தை முற்போக்குக் கலையென்பதா என்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: கொடுத்தவன் யார் என்பதைப் போலவே, கொடுத்ததிலிருந்து எதனைப் பிரித்தெடுத்து மக்களிடம் விட்டார்கள் என்பதும் கணக்கிலெடுக்கப்பட வேண்டும். கண்ணாடித் தகடுகளைப் பிற்கால நிருவாகம் 1996இல் அகற்றிச் சுவர்களைத் திரும்பக் கொணர்ந்தது. 2015இலேயே அவை மீண்டன. ஆகவே அத்தகடுகள் சிலரையேனும் உறுத்தியிருக்கவேண்டும்.

1967இல், இராணுவ ஆட்சியின் நடுவே, அவர் செய்த ஒரு கதிரைக்கு ‘தெருவோரக் கதிரை’ என்று பெயர். மரக்கிளைகள் சிலவற்றை வெட்டி, முக்காலி போல் நிறுத்திக் கட்டி, குறுக்கே ஒரு கிளையை இருக்கையாக வைத்தது, அவ்வளவே. பட்டறையும் வேண்டாம், முதலும் வேண்டாம். இருபது ஆண்டின்முன் தொழிற்சாலைக் கனவோடு ஒட்டுப்பலகையைக் கையிலெடுத்தவர், இப்போது தெருவோரத்துக் கொம்பைக் கையிலெடுத்தார். இது தோல்வியா, தெளிவா? தோல்வியும் கலந்த தெளிவென்றே நாம் கொள்கிறோம். தெருவோரத்துக் கொம்பாற் கோடிக்கணக்கானோருக்கு இருக்கை அளிக்க முடியாது. தொழிற்சாலை வேண்டும், அத்தொழிற்சாலை எவருடையது என்ற கேள்விக்கு விடையும் வேண்டும். இதனை அவர் அறியாதவரல்லர்.

பத்தாண்டுகளின் பின் தொழிற்சாலையொன்று அவர் கைக்கு வரவே செய்தது. ஆனால் இயங்காத தொழிற்சாலை. எண்ணெய்ப் பீப்பாக்களும் பின்னர் குளிர்சாதனப் பெட்டிகளும் செய்யப்பட்ட பொம்பேயா ஆலையைச் ‘செஸ்க்’ என்ற வர்த்தக ஊழியர் நலநிலையம் வாங்கியிருந்தது. தொழிலதிபர்களின் கட்டாயப் பங்களிப்பில் நடக்கும் அமைப்பு அது. முதலாளி தொழிலாளி உறவைச் சமாதானமாக வைத்திருக்கவேண்டுமென்ற நோக்கில் 1946இல் உருவாக்கப்பட்டதென்பதை மறக்கலாகாது. ஆலையைப் பார்வையிடச் சென்ற லீனா, வெறும் கொட்டகைகளிலே சிறுவர் பந்தடிப்பதையும், தாய்மார் இறைச்சி சுட்டுப் பரிமாறுவதையும், முதியவர் கூடியிருந்து பேசுவதையும் கண்டார். இது இப்படியே இருக்கவேண்டுமென்று முடிவு செய்தார். கொட்டகைகளை இடிக்கவில்லை; சாந்தை உரித்துச் செங்கல்லை வெளிக்காட்டினார். கட்டுமான இடத்திலேயே தம் அலுவலகத்தை வைத்துக்கொண்டு, மார்செலோ ஃபெராஸ், ஆந்திரே வைனர் என்ற இளங் கலைஞரோடும் வேலையாட்களோடும் நாள்தோறும் நின்று பணிபுரிந்தார். 1982இல் முதற்பகுதியும், 1986இல் விளையாட்டுக் கோபுரங்களும் திறக்கப்பட்டன. கோபுரத்து யன்னல்கள் குகைவாய் போல ஒழுங்கற்ற துளைகள். கோபுரங்களை இணைக்கும் பாலங்கள் வானிலே குறுக்கும் மறுக்குமாகச் செல்லும். கட்டக்கூடாத நிலமான மூடப்பட்ட நீரோடையின்மேல் மரப்பலகை விரித்து அதனைக் கடற்கரையென்றார். வெயிலிற் கிடக்கத் தொழிலாளிக்கும் ஓர் இடம்.

இனி, நம் தலைப்புக்குரிய கதிரைக்கு வருவோம். பொம்பேயாவின் நாடக அரங்கிலே மேடை நடுவில். மக்கள் இரு மருங்கிலும். இருக்கைகள் வெறும் மரம். மெத்தையில்லை, துணியில்லை. முறைப்பாடுகள் எழுந்தன. மத்திய காலத்து நாடகங்களை மக்கள் நின்றும் நடந்தும் பார்த்தனர். கிரேக்க அரங்குகளில் கல்லே இருக்கை. மெத்தை பிற்காலத்து அரசவை அரங்குகளில் வந்ததென்று லீனா விடையிறுத்தார். பார்வையாளன் அமிழ்ந்துவிடலாகாது, விழித்திருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. பிரெக்டின் பாடத்தை அவர் மரத்திலே செதுக்கினார் எனலாம்.

இவ்விடத்தில் நாம் அவரோடு முற்றாக உடன்பட முடியவில்லை. பகல் முழுதும் கடையிலே நின்ற விற்பனைப் பெண்ணொருத்தி இரவிலே நாடகம் பார்க்க வருகின்றாள். அவளுடைய முதுகு ஏற்கனவே விழித்துத்தான் இருக்கிறது. சொகுசிலே உறங்கிப்போன வர்க்கத்துக்குப் பலகை நல்ல பாடம். சொகுசையே அறியாத வர்க்கத்துக்கு அது பழகிப்போன பலகையே. ஏணையின் நெகிழ்ச்சியை 1948இல் கற்றுக்கொண்ட லீனாவுக்கும், 1982இற் பலகையை விதித்த லீனாவுக்குமிடையே ஒரு விவாதம் நடந்திருக்கவேண்டும், அது நடக்கவில்லை. எளிமை என்பது கலைஞன் தேர்ந்துகொள்ளும்போது அறம். ஏழையின்மீது சுமத்தும்போது வேறொன்று. ஆயினும், அதே நிலையத்தின் பொதுக் கூடத்திலே, கட்டணமின்றி, கேள்வியின்றி, நாள் முழுதும் அமர்ந்து சதுரங்கம் ஆடும் முதியவருக்குத் தடித்த மர மேசையும் கதிரையும் அவரே வரைந்தளித்தார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1992 மார்ச் 20ஆந் திகதி, தம் கண்ணாடி வீட்டிலே அவர் காலமானார். இருபது ஆண்டுகளின் பின் இத்தாலிய நிறுவனமொன்று அவருடைய கிண்ணக் கதிரையை மீண்டும் செய்யத் தொடங்கியது. எண்ணிக்கை 500 மட்டுமே என்று முன்கூட்டியே அறிவித்தது. கதிரையொன்று அரிய பொருளாக விற்கப்படவேண்டுமானால் அதைக் குறைவாகச் செய்யவேண்டும். பெருந்தொகையாகச் செய்யவேண்டுமென்பதே அதை வரைந்தவரின் விருப்பம். அவருடைய கதிரைகளுள் இவ்வாறு எண்ணி விற்க முடியாதது தெருவோரக் கதிரை ஒன்றே. நான்கு கொம்பும் ஒரு துண்டுக் கயிறும் இருந்தால் எவரும் அதனைக் கட்டிக்கொள்ளலாம்.